உங்களுக்குத் தெரியுமா? மாத்திரையில் நிற்கிற சர்க்கரையும் விழித்திரையும்

“எனக்கு சுகர் கொஞ்சந்தான். மாத்திரையில நிக்குது, ஊசியெல்லாம் இல்ல.” வடசேரி சந்தையில் நின்றாலும் குளச்சல் கடற்கரையில் நின்றாலும் இந்தப் பேச்சு காதில் விழும். ஊசி போடுகிறவர்களுக்குத்தான் கண் போகும், நமக்கு வராது என்கிற நிம்மதி அந்தப் பேச்சுக்குள் இருக்கிறது. அது தவறான நிம்மதி. அதனால் இந்த முறை துணுக்குகள் அத்தனையும் இன்சுலின் போடாத சர்க்கரை நோயாளிகளின் கண்ணைப் பற்றி.

● அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 1980-ஐ ஒட்டி ரொனால்ட் கிளைன், பார்பரா கிளைன் என்ற மருத்துவத் தம்பதி ஒரு நீண்ட ஆய்வைத் தொடங்கினார்கள். சர்க்கரை நோயாளிகளை மூன்றாகப் பிரித்தார்கள். சிறு வயதிலேயே நோய் வந்து இன்சுலின் போடுகிறவர்கள் முதல் பிரிவு. 30 வயதுக்குப் பிறகு நோய் வந்து இன்சுலின் போடுகிறவர்கள் இரண்டாவது. 30 வயதுக்குப் பிறகு வந்து இன்சுலின் போடாதவர்கள் மூன்றாவது. நம்மூரில் பெரும்பாலோர் இந்த மூன்றாவது பிரிவில்தான் வருவார்கள். தொடக்கத்தில் விழித்திரை நன்றாக இருந்தவர்களில், பத்து ஆண்டுகளுக்குள் புதிதாகப் பாதிப்பு வந்தவர்கள் முதல் பிரிவில் 89 சதவீதம், இரண்டாவதில் 79. இன்சுலினே போடாத மூன்றாவது பிரிவில் 67 சதவீதம். அதாவது மூன்று பேரில் இரண்டு பேர். ரத்தக் கசிவு வரைக்கும் போகக்கூடிய முற்றிய நிலையை அடைந்தவர்கள் 30, 24, 10 சதவீதம் என்ற வரிசையில் இருந்தார்கள். ஊசி போடாதவர்களுக்கு ஆபத்து குறைவு என்பது உண்மை. இல்லை என்பது பொய். மருந்துகளும் கண்காணிப்பும் மேம்பட்டுவிட்ட இந்தக் காலத்தில் இந்த வேகம் குறைந்திருக்கிறது. ஆனால் மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு, கண்ணையும் காட்டுகிறவர்களுக்குத்தான் அந்தக் குறைவு கிடைக்கும்.

● இன்னொரு பெரிய ஆய்வு பிரிட்டனில் 1977-இல் தொடங்கி, 1998-இல் முடிவுகளை வெளியிட்டது. சர்க்கரை நோய் அப்போதுதான் கண்டுபிடிக்கப்பட்டவர்களை மட்டும் சேர்த்த ஆய்வு அது. முதல் நாளே கண்ணைப் படம் எடுத்துப் பார்த்தபோது, 37 சதவீதம் பேருக்கு விழித்திரையில் ஏற்கெனவே மாற்றங்கள் இருந்தன. இரண்டாம் வகைச் சர்க்கரை, கண்டுபிடிப்பதற்குப் பல வருடங்களுக்கு முன்பே உடம்பில் வேலையைத் தொடங்கிவிடுகிறது. முதல் மாத்திரைச் சீட்டு எழுதும் அன்றே கண் பரிசோதனைக்கும் எழுத வேண்டும் என்று மருத்துவ வழிகாட்டல்கள் சொல்வது இதனால்தான்.

● விழித்திரை கெடும்போது வலி இருக்காது. கண் சிவக்காது. நீர் வடியாது.

● கண்ணுக்குள் என்ன நடக்கிறது? கண்ணின் பின்சுவரில் மெல்லிய சவ்வாகப் படர்ந்திருப்பது விழித்திரை. நாம் பார்க்கும் காட்சி விழுவது அங்கேதான். அதற்கு ரத்தம் கொண்டுபோகும் நுண்குழாய்கள் தலைமுடியைவிட மெல்லியவை. அந்தக் குழாய்ச் சுவரைத் தாங்கிப் பிடிக்கும் செல்கள் நீண்ட காலச் சர்க்கரையால் ஒவ்வொன்றாக அழிகின்றன. பழைய சைக்கிள் டியூப் வலுவிழந்த இடத்தில் புடைப்பதுபோல, குழாயில் சின்னச் சின்னப் புடைப்புகள் வருகின்றன. மருத்துவர் முதலில் பார்க்கும் சிவப்புப் புள்ளிகள் இவைதாம். பிறகு அவற்றிலிருந்து நீரும் கொழுப்பும் கசிகின்றன, ரத்தத் திட்டுகள் தோன்றுகின்றன. சில குழாய்கள் அடைத்துப்போய், அந்தப் பகுதி பிராணவாயு இல்லாமல் தவிக்கிறது. தவிக்கும் விழித்திரை ‘புதுக் குழாய் வேண்டும்’ என்று ஒரு புரதத்தைச் சுரக்கிறது. அப்படி முளைக்கும் புதுக் குழாய்கள் நோஞ்சான்கள். ஒரு நாள் உடைந்து கண்ணுக்குள்ளேயே ரத்தம் கொட்டும். அல்லது தழும்பாகச் சுருங்கி, விழித்திரையையே சுவரிலிருந்து இழுத்துப் பிரித்துவிடும்.

● மேலே சொன்ன புதுக் குழாய்கள் முளைத்த பிறகும்கூட ஒருவர் எழுத்துப் பலகையின் கடைசி வரிவரை தடுமாறாமல் வாசித்துவிட முடியும். பார்வையின் மையப்பகுதிக்கு நோய் வராதவரை எழுத்து தெளிவாகவே தெரியும். எனவே முகாமில் பலகையைப் படிக்கச் சொல்லி “கண்ணு நல்லா இருக்கு” என்று அனுப்புவது விழித்திரைப் பரிசோதனை ஆகாது. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் குமரி மாவட்டத்தில் முகாம்களுக்குக் குறைவில்லை. அங்கே கண்ணாடி எழுதி வாங்கிக்கொண்டு, விழித்திரையும் பார்த்தாயிற்று என்று நம்பிப் போகிறவர்களும் குறைவில்லை.

● “இன்சுலின் போட்டாத்தான் கண்ணு போவும்.” இந்தப் பயத்தில், மருத்துவர் ஊசி எழுதியும் இரண்டு மூன்று வருடம் தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு. இந்த நம்பிக்கை எப்படி வந்திருக்கும்? இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டது 1921-இல். மனிதருக்கு முதலில் செலுத்தப்பட்டது 1922 ஜனவரியில். அதற்கு முன் இளம் வயதில் சர்க்கரை வந்தவர்கள் ஓரிரு வருடங்களில் இறந்துபோனார்கள். கண் கெடுவதற்கு நோய்க்கு அவகாசமே கிடைக்கவில்லை. இன்சுலின் அவர்களுக்கு இருபது, முப்பது ஆண்டு ஆயுளைக் கொடுத்தது. அந்த நீண்ட ஆயுளில்தான் கண் பாதிப்பு வெளியே தெரிந்தது. நம் ஊர்களில் நடப்பதும் கிட்டத்தட்ட இதுவே. பத்துப் பதினைந்து வருடம் சர்க்கரை ஏறி இறங்கி, மாத்திரை போதாமல் ஆன பிறகுதான் ஊசிக்குப் போகிறோம். அதற்குள் விழித்திரை கெட்டிருக்கிறது. ஊசி போட்ட ஆறாவது மாதத்தில் பார்வை மங்கினால், பழி கடைசியாக வந்த ஊசியின்மேல் விழுகிறது.

● இருந்தாலும் ஒன்றை மறைக்கக் கூடாது. நீண்ட நாள் மிக உயரத்தில் இருந்த சர்க்கரையைச் சடாரென்று இறக்கினால், விழித்திரை பாதிப்பு சில மாதங்களுக்குக் கூடலாம். இன்சுலினால் இறக்கினாலும் அப்படித்தான், வேறு மருந்தால் இறக்கினாலும் அப்படித்தான். வாரம் ஒரு முறை போடும் செமாகுளூடைட் ஊசி இன்சுலின் அல்ல. 2016-இல் வெளியான அதன் ஆய்வில் விழித்திரைச் சிக்கல்கள் மருந்து எடுத்தவர்களில் 3 சதவீதமாகவும், எடுக்காதவர்களில் 1.8 சதவீதமாகவும் இருந்தன. ஏற்கெனவே கண் பாதிப்பு இருந்தவர்களுக்கே இது அதிகம் வந்தது. சர்க்கரையை இறக்காமல் விடுவதற்கு இது காரணம் ஆகாது. ஆண்டுக்கணக்கில் பார்த்தால் இறக்கியவர்களின் கண்தான் பிழைக்கிறது. மருந்தை மாற்றும் முன் கண்ணைக் காட்டிவிடுங்கள், அது போதும்.

● பயோகிளிட்டசோன் என்ற மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கவனிக்க. சிலருக்கு அது உடம்பில் நீரைத் தேக்கும். கால் வீங்குவதோடு, விழித்திரையின் மையத்திலும் நீர் கோக்கலாம். அப்படி மாற்றம் தெரிந்தால் நீங்களாக நிறுத்த வேண்டாம், எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் போய்ச் சொல்லுங்கள்.

● சென்னையில் நடந்த ‘கியூர்ஸ்’ ஆய்வின் கண் முடிவுகள் 2005-இல் வெளியாயின. சர்க்கரை இருப்பது முன்பே தெரிந்தவர்களில் 20.8 சதவீதம் பேருக்கும், அந்த ஆய்வில்தான் புதிதாகத் தெரியவந்தவர்களில் 5.1 சதவீதம் பேருக்கும் விழித்திரை பாதிப்பு இருந்தது. நோய் வந்து ஒவ்வொரு ஐந்தாண்டு கூடும்போதும் ஆபத்து 1.89 மடங்கு ஏறியது. மூன்று மாதச் சராசரியான ஹெச்பிஏ1சி 2 புள்ளி ஏறினால் 1.7 மடங்கு. பதினைந்து வருட நோயாளியிடம் “இத்தனை வருஷம் ஒண்ணும் ஆகல்லியே, இனி என்ன ஆவும்” என்ற பேச்சு வரும். கணக்கு நேர் எதிராக ஓடுகிறது.

● தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய், கேரளத்தில் 25.5 சதவீதம். 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.-இந்தியாப் (INDIAB) ஆய்வின் கணக்கு இது. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த நம் மாவட்டத்தின் சாப்பாடு இரண்டு பக்கத்தையும் சேர்ந்தது: மரச்சீனியும் மீன்கறியும், சம்பா அரிசிச் சோறும், கல்யாணப் பந்தியில் இரண்டு வகைப் பாயசமும், அதில் பிசைந்துகொள்ள ஒரு பழமும்.

● சாப்பாடு என்றதும் கருப்பட்டி வந்துவிடும். “சீனியைத்தான் விட்டுட்டேன், கருப்பட்டிக் காப்பிதான் குடிக்கேன்” என்று சொல்லாத பாட்டா எந்தத் தெருவில் இருக்கிறார்? கருப்பட்டியில் பெரும்பங்கு இருப்பது சீனியில் உள்ள அதே சுக்ரோஸ்தான். மார்த்தாண்டம் தேனிலும் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸுமே அதிகம். மண்ணின் பொருள், கலப்படம் இல்லாதது, ருசியானது; எல்லாம் சரி. ரத்தத்தில் ஏறும் சர்க்கரைக்கு அது எந்த ஊர்ப் பனையிலிருந்து வந்தது என்று தெரியாது. புவிசார் குறியீடு பெற்ற மட்டிப் பழமும் அப்படியே. சின்னப் பழம்தானே என்று நாலைந்தை ஒரே உட்காரலில் உரிக்க வேண்டாம்.

● கருவாட்டுக்கும் கண்ணுக்கும் என்ன தொடர்பு? உப்பு. உப்பால் ஏறும் ரத்த அழுத்தம். மேலே சொன்ன பிரிட்டன் ஆய்விலேயே, சர்க்கரையோடு ரத்த அழுத்தமும் இருந்த 1,148 பேரைத் தனியாகப் பார்த்தார்கள். ஒரு பிரிவுக்கு அழுத்தத்தைச் சராசரி 144/82-க்குக் கொண்டுவந்தார்கள். மற்றொன்று 154/87-இல் நின்றது. வித்தியாசம் பத்துப் புள்ளிதான். ஆனால் அழுத்தம் குறைந்த பிரிவில் விழித்திரை மோசமாவது 34 சதவீதமும், பார்வை மூன்று வரி இறங்குவது 47 சதவீதமும் குறைந்தன. சர்க்கரை மாத்திரையை மறக்காமல் போட்டுவிட்டு பிரஷர் மாத்திரையை மட்டும் “தலைசுத்து இல்லல்லா” என்று நிறுத்துகிறவர்கள் இந்த எண்களை ஒரு முறை திரும்பப் படிக்க வேண்டும்.

● அதே ஆய்வில் மனதுக்குத் தெம்பு தரும் செய்தியும் உண்டு. தொடக்கத்திலிருந்தே சர்க்கரையை நன்றாகக் கட்டுக்குள் வைத்தவர்களுக்கு, ஆய்வு முடிந்து பத்தாண்டு கழித்தும் நுண்குழாய்ப் பாதிப்பு மற்றப் பிரிவினரைவிட 24 சதவீதம் குறைவாக இருந்தது. இத்தனைக்கும் ஆய்வு முடிந்த ஒரே வருடத்தில் இரு பிரிவினரின் சர்க்கரை அளவும் ஒன்றாகிவிட்டது. புதிதாகச் சர்க்கரை வந்தவர் முதல் சில வருடங்கள் படும் பாடு வீணாவதில்லை.

● ரத்தக் கொழுப்புக்குக் கொடுக்கும் ஃபெனோஃபைப்ரேட் என்ற பழைய, விலை குறைந்த மாத்திரை விழித்திரை பாதிப்பின் வேகத்தைக் குறைப்பதாக ஒன்றுக்கு மேற்பட்ட ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 2024-இல் ஸ்காட்லாந்து ஆய்வு ஒன்றில் 27 சதவீதம் குறைந்தது. எல்லோருக்கும் ஏற்றதல்ல, சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு ஆகாது. மருத்துவரிடம் கேட்கலாம், கடையில் கேட்டு வாங்கக் கூடாது.

● கண்ணாடியின் பவர் அடிக்கடி மாறுகிறதா? சர்க்கரை ஏறினால் கண்ணின் லென்ஸ் நீர் கோத்துப் பவர் மாறும். இறங்கினால் திரும்ப மாறும். சர்க்கரை சில வாரங்களாவது ஒரே சீராக நின்ற பிறகு கண்ணாடி எழுதிக்கொண்டால் காசு மிச்சம்.

● “புரை முத்தட்டும், ஆபரேஷன் செய்யலாம்” என்று சர்க்கரை உள்ளவர்கள் காத்திருக்கக் கூடாது. புரை முற்றினால் அதன் பின்னால் இருக்கும் விழித்திரையை மருத்துவரால் பார்க்க முடியாது. மங்கல் புரையால் என்றே எல்லோரும் நினைத்திருக்க, புரையை எடுத்த பிறகுதான் உள்ளே விழித்திரை கெட்டிருப்பது தெரியவரும். அறுவைக்குப் பிறகு விழித்திரையில் நீர்க்கோவை கூடுவதும் உண்டு. புரைக்கு நாள் குறிக்கும்போதே “விழித்திரை எப்படி இருக்கு டாக்டர்?” என்று கேட்டுவிடுங்கள்.

● விழித்திரைக்கு லேசர் சிகிச்சை வருவதற்கு முன்னால் மருத்துவர்கள் என்னவெல்லாம் செய்தார்கள் என்று படித்தால் மனம் கனக்கும். மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி அழிந்த ஒரு பெண்ணுக்கு விழித்திரை பாதிப்பு தணிந்ததை 1953-இல் பௌல்சன் என்ற டென்மார்க் மருத்துவர் எழுதினார். அதை நம்பி, பார்வையைக் காப்பாற்ற நோயாளிகளின் பிட்யூட்டரியையே அகற்றும் சிகிச்சை 1960-களிலும் நடந்தது. ஜெர்மனியில் மேயர்-ஷ்விக்கரத் 1940-களின் இறுதியில் சூரிய ஒளியைக் கண்ணாடிகளால் குவித்து விழித்திரையைச் சுட்டுச் சிகிச்சை செய்தார். இன்றைய லேசருக்கு முன்னோடி அது. முற்றிய நிலையிலும் லேசர் கடுமையான பார்வை இழப்பைப் பாதிக்கும் மேல் குறைக்கிறது என்பது 1970-களில் அமெரிக்க ஆய்வில் உறுதியானது. இன்று அது ஓரிரு முறை நாற்காலியில் உட்கார்ந்து செய்துகொண்டு, அன்றே வீடு திரும்பும் சிகிச்சை.

● லேசர் போன பார்வையைத் திருப்பித் தராது, இருப்பதைக் காக்கும். விழித்திரை முழுக்கச் சுடும் லேசருக்குப் பிறகு இருட்டிலும் பக்கவாட்டிலும் பார்வை கொஞ்சம் குறையலாம். குலசேகரம், அருமனைப் பக்கம் விடிவதற்கு முன்னே தலையில் விளக்குக் கட்டிக்கொண்டு ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் இதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். மையப் பகுதியில் நீர் கோத்தால் இப்போது கண்ணுக்குள் ஊசி மருந்து செலுத்துகிறார்கள். கேட்டால் பயமாக இருக்கும். மரத்துப்போக மருந்து ஊற்றித்தான் போடுவார்கள். புதுக் குழாய்களை முளைக்கவைக்கும் புரதத்தைத் தடுக்கும் மருந்து அது. பலருக்கு இழந்த வரிகள் சில திரும்பவும் கிடைக்கின்றன. ஒரு ஊசியோடு முடியாது, பல மாதம் திரும்பத் திரும்ப வர வேண்டியிருக்கும்.

● விழித்திரைப் படத்தைப் பார்த்து நோயைச் சொல்லும் கணினி நுட்பத்தை கூகுள் 2016-இல் வெளியிட்டது. அது படித்த 1,28,175 படங்களில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையிலும் சென்னை சங்கர நேத்ராலயாவிலும் எடுத்தவையும் உண்டு. உலகத்துக்கே கண் பார்க்கக் கற்றுக்கொடுத்த கண்களில் நம்மவர் கண்களும் இருந்தன.

● இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வேலை செய்யும் வயதினருக்கு வரும் பார்வை இழப்பில் முதலிடம் ஐம்பது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கே இருந்தது. 2009-10 கணக்கில் அது முதலிடத்தை இழந்தது. 2003-இல் தொடங்கிய ஆண்டுதோறும் விழித்திரைப் படம் எடுக்கும் திட்டம் அதற்கு ஒரு முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது. களியக்காவிளையைத் தாண்டினால் கேரளத்தில் ‘நயனாமிர்தம்’ என்ற பெயரில் குடும்ப ஆரோக்கிய மையங்களிலேயே விழித்திரைப் படம் எடுக்கிறார்கள். இங்கே 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. அருமையான திட்டம். மாத்திரை வாசலுக்கு வந்தாலும் விழித்திரையை நாம்தான் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அதுவும் வாசலுக்கு வரும் நாள் வர வேண்டும் என்று இந்த மாவட்டத்துக்காரர்கள் கேட்கலாம், உரக்கவே கேட்கலாம்.

● தூத்தூர், வள்ளவிளைப் பக்கத்து ஆழ்கடல் மீனவர்கள் வாரக்கணக்கில் கடலில் இருப்பார்கள். படகில் ஏறும் முன் அத்தனை நாளுக்குமான மாத்திரையோடு கொஞ்சம் கூடுதலாகவும் வைத்துக்கொள்ளுங்கள். கரையில் நிற்கும் நாட்களில் ஒன்றைக் கண்ணுக்காக ஒதுக்குங்கள்.

● ஏற்கெனவே சர்க்கரை உள்ள பெண் கருவுற்றால் விழித்திரை பாதிப்பு வேகமாகக் கூடலாம். முதல் மூன்று மாதத்துக்குள் கண் பார்க்க வேண்டும், பிறகும் மருத்துவர் சொல்லும் இடைவெளியில் பார்க்க வேண்டும். கர்ப்ப காலத்தில் மட்டும் வந்து போகும் சர்க்கரைக்கு இந்தப் பயம் பொதுவாக இல்லை.

● கண்ணுக்குள் திடீரென்று கறுப்புப் புள்ளிகள், நூல்கள், புகை பறப்பதுபோல் தெரிந்தால், அல்லது ஒரு பக்கம் திரை விழுந்ததுபோல் மறைத்தால், அடுத்த முகாம் வரை காத்திருக்க வேண்டாம். அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

● பரிசோதனைக்குப் போகும் நாளில் துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள். பாப்பாவை விரிக்க மருந்து ஊற்றினால் சில மணி நேரம் கண் கூசும், கிட்டத்து எழுத்து தெரியாது. பைக் ஓட்டக் கூடாது. சிலர் இந்த அசௌகரியத்துக்காகவே “மருந்து ஊத்த வேண்டாம் டாக்டர், டார்ச் அடிச்சுப் பாருங்க” என்கிறார்கள். டார்ச் வெளிச்சத்தில் விழித்திரை தெரியாது. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கண் பிரிவு இருக்கிறது. வடக்கே திருநெல்வேலி அரவிந்தும் மேற்கே திருவனந்தபுரம் மண்டலக் கண் மருத்துவ நிறுவனமும் பஸ்ஸில் போய் அன்றே திரும்பும் தூரம். உங்கள் வீட்டில் மாத்திரையில் சர்க்கரை நிற்கிற அப்பாவிடம், அத்தையிடம், அண்ணாச்சியிடம் இன்றைக்கு ஒரு கேள்வி கேளுங்கள்: “மருந்து ஊத்தி கண்ணுக்கு உள்ள பாத்தது எப்ப?” ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால், அல்லது இதுவரை பார்த்ததே இல்லை என்றால், இந்த மாதமே கூட்டிக்கொண்டு போங்கள்.